ஒன்பதாவது மாடியில் நின்ற லிஃப்ட்

என் மகள் தானாக எதையும் சொல்லமாட்டாள். காதில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வாள். யாரிடம் கேட்டாளோ அவர்கள் குரலில், அவர்கள் இழுப்போடு. சில சமயம் அன்றைக்கே வரும். சில சமயம் பத்து நாள் ஊறி வரும்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளுடைய பெரியம்மாவின் குரல் வந்தது.

"அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை தானா தெரியும்."

சொல்லிவிட்டு ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து வரிசையாக அடுக்கினாள். ஏழு வயது. அவளிடம் ஒரு கள்ளமும் இல்லை. கள்ளம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரிடம்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

சொன்ன நேரத்துக்கு முன்பே பெரியம்மா வந்துவிட்டார். என் மனைவியின் அக்கா. மனைவி போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உறவு மட்டும் வாரம் மூன்று தடவை அழைப்பு மணி அடித்துக்கொண்டு வருகிறது.

"நீங்க கிளம்புங்க தம்பி. நானும் பாப்பாவும் வீட்டிலேயே இருக்கோம். அந்தக் கூட்டம், மைக் சத்தம் எல்லாம் அவளுக்கு ஆகாது."

நியாயம்தான். ஆனால் வீட்டிலேயே இருக்கப் போகிற பிள்ளைக்கு ஷூ மாட்டியாகிவிட்டது. சத்தம் கேட்காமல் காதை மூடும் ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. தண்ணீர் பாட்டில் பைக்குள் போயிருந்தது.

"ஷூ எதுக்கு அண்ணி?"

"கீழ சும்மா ஒரு நடை நடக்கலாம்னு."

பெரியம்மா ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. இரண்டு வாரம் முன்பு மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும், ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கைக்கும் நகல் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "ஒரு காப்பி இருக்கட்டுமே தம்பி" என்றார். வக்கீல் ஆபீஸில் எந்தக் காகிதமும் சும்மா இருக்காது.

அவர் வீட்டில் குழந்தை இல்லை. என் வீட்டில் குழந்தை இருக்கிறது, அம்மா இல்லை. இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும்போது மகளின் தலையைத் தொட்டேன். தள்ளிக்கொண்டாள். கோபம் இல்லை. தலையைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. தெரிந்தும் தொட்டேன்.

"அப்பா மேல இருப்பேன். பெரிய கட்டிடம். உச்சி மாடி."

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு நான்காவது மாடியில். படியில் இறங்கினேன். லிஃப்ட் உண்டு. நன்றாகவே ஓடும். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இஞ்சினியரிங் படித்துவிட்டு, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. ஆனால் என் மகள் ஒரு வருடமாக லிஃப்டில் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே தள்ளிக் கதவு மூடியதைப் பார்த்தவள் அவள். அந்தக் கதவு மறுபடி திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பிறகு லிஃப்ட் கதவைக் கண்டால் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவள் ஏறாததில் நானும் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேலை நேரம் தவிர.

*

அந்தக் கட்டிடத்தின் வாசலில் மெத்தை குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

மெத்தை என்பது என் மச்சானுக்கு நான் வைத்த பெயர். மனைவியின் தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளன். "படுத்துப் பாருங்க சார்" என்று வருகிறவர்களிடம் சொல்வான். யாரும் வராத நேரத்தில் தானே படுத்துப் பார்ப்பான். என் மகளோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வரும்போது மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து எழுந்துதான் நான்காவதுக்கு வருவான். அப்படிப்பட்டவன் மூன்று மாதம் முன்பு ஒரு நாள் அறிவித்தான். இருபத்திரண்டு மாடிக் கட்டிடத்தை ஒரே பகலில் நாற்பது தடவை ஏறப் போகிறானாம். சேர்த்தால் ஒரு மலை உயரம். ஒரு ஏற்றத்துக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்கள் நன்கொடை தருவார்கள். எல்லாம் என் மகள் போகும் ஆட்டிசம் பயிற்சி மையத்துக்கு. அங்கே மதிய வகுப்பை மூடும் நிலை.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே யோசித்தேன். உட்கார இடம் கண்டால் படுக்கிறவனுக்கு எதற்கு இந்த மலை?

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மகளைப் பார்க்குக்குக் கூட்டிப் போகிறேன் என்று வந்து நின்றான். பார்க்கில் மணல் உண்டு. திரும்பி வரும் அவள் ஷூவில் ஒரு நாளும் மணல் இல்லை. "எந்தப் பார்க்?" என்று கேட்டால், "அதான் மாமா, பக்கத்துல இருக்கே" என்பான்.

"மாமா, சாப்பிட்டாச்சா?"

"ம்."

"நீங்க மெஷின் ரூம்லயே இருங்க. கீழ இறங்கவே வேண்டாம். மதியச் சாப்பாட்டை வாட்ச்மேன் மேல கொண்டு வந்துடுவார்."

"ஏன்? இறங்குனா என்ன?"

"ஒண்ணுமில்ல. லிஃப்ட் மக்கர் பண்ணுச்சுன்னா என் முட்டி காலி. அதான்."

ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். அதுதான் விதி. இறக்கம் முட்டியைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் எண் லிஃப்டை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் லிஃப்ட் ஆள் ஒருவர் மேலே இருக்க வேண்டும் என்று கட்டிட நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த ஆள் நான். நான் மேலே இருப்பது சரி. கீழே வரவே வேண்டாம் என்பது எதற்கு? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் ஏது பயம்?

வரவேற்புக் கூடத்தில் பெற்றோர் கூட்டம். மையத்தின் டீச்சர் மைக்கைப் பிடித்திருந்தார்.

"மேல ஏறுறது மாமா! கீழ இறக்கி விடுறது அப்பா! அந்தப் பாப்பா கொடுத்து வச்சவ!"

கை தட்டல். என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெத்தையின் ஷூவைப் பார்த்தேன். மூன்று மாதம் பயிற்சி எடுத்த ஷூ. அடிப்பாகம் அவ்வளவாகத் தேயவில்லை.

வாட்ச்மேன் என் காதோரம் வந்தார். "சார், இவர் நாலு ரவுண்ட்ல படுத்துடுவார்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. நான் மட்டும் பத்துன்னு சொல்லியிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்தச் சொல்லுங்க."

*

மெஷின் ரூம் உச்சி மாடிக்கும் மேலே. இரும்புக் கதவு, ஒரு மோட்டார், பெட்டி எங்கே நிற்கிறது, கதவு திறந்ததா என்று காட்டும் பலகையோடு ஒரு கன்ட்ரோல் அலமாரி, ஒரு ஸ்டூல். மனிதர்கள் இல்லாத அறை. எனக்குப் பிடித்த அறை.

படி ஏறி உச்சிக்கு வந்ததும் மெத்தை இரும்புக் கதவைத் தட்டுவான்.

"மாமா! ஒண்ணு!"

திறந்து பார்ப்பேன். வேர்வை ஊற்றும். பொய் வேர்வைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும் என்று நினைத்துக்கொள்வேன். அவன் லிஃப்டில் இறங்குவான். கீழே லிஃப்ட் பெட்டிக்குள் புதுத் தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டு வாட்ச்மேன் வாக்கி டாக்கியில் சொல்வார், "அனுப்பிட்டோம், எடுத்துக்கங்க சார்." நான் பெட்டியை மேலே வரவழைப்பேன். மெத்தை ஏறி வரும்போது அது உச்சியில் தயாராக நிற்க வேண்டும்.

நான்கு தாண்டியது. பத்தும் தாண்டியது.

"சார், என் மானம் தப்பிச்சுது" என்றார் வாட்ச்மேன். "இவர் மனுஷனா மாடான்னே தெரியல."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலியாக ஏறி வந்துகொண்டிருந்த பெட்டி ஒன்பதாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. மூடியது. மறுபடி கிளம்பி மேலே வந்தது.

அடுத்த தடவையும் அதே. இந்த முறை கதவு கொஞ்சம் அதிக நேரம் திறந்திருந்தது.

லிஃப்ட் தானாக நிற்காது. வெளியே யாராவது பட்டனை அழுத்த வேண்டும். எல்லா மாடியும் பூட்டு. பெட்டி ஒன்பதைத் தாண்டும் நேரத்துக்குப் படியில் ஒன்பதருகே இருக்கக்கூடிய ஆள் ஒருவன்தான்.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "ஒன்பதாவது மாடியில யார் இருக்காங்க?"

பதில் வர ஒரு விநாடி அதிகம் ஆனது.

"ஒன்பதா? அது காலி மாடி சார். வாடகைக்கு விடாம கிடக்கு. யார் இருக்கப் போறா?"

வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார்.

மெத்தை கதவைத் தட்டினான். "மாமா! இருபத்தாறு!"

"ஒன்பதாவது மாடியில என்ன?"

துண்டால் முகத்தைத் துடைத்தான். வேர்வை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்ன மாமா? ஒண்ணுமில்லையே."

"பெட்டி ரெண்டு தடவை நின்னுச்சு."

"தெரியாம பட்டன்ல என் கை பட்டிருக்கும்."

படிக்கட்டுக்கும் லிஃப்ட் பட்டனுக்கும் நடுவில் தீத்தடுப்புக் கதவு இருக்கிறது. அதைத் தாண்டிக் கை படுவதற்கு அவன் கை ரப்பர் இல்லை.

"நீங்க சாப்பிட்டீங்களா மாமா? சோர்ந்து தெரியுறீங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய் நின்றான்.

ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்பது வரை படி, அங்கிருந்து லிஃப்ட், உச்சிக்கு ஒரு மாடி முன்னால் இறங்கி, ஓடி வந்து என் கதவைத் தட்டினால் யாருக்குத் தெரியும்? நாளைக்கு எல்லோர் வாயிலும் இவன்தான். அக்கா பிள்ளைக்காக மலை ஏறிய மாமா. பக்கத்தில் பெரியம்மா, கையில் காகிதத்தோடு. எதிரே நான். ஒரு வருடமாக யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத லிஃப்ட்காரன். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று வழியில் போகிறவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

இவன் திருட்டு வெளிப்பட்டால் அந்தக் காகிதம் நிற்காது.

"அனுப்பிட்டோம், எடுத்துக்கங்க சார்."

பெட்டியை வரவழைத்தேன். பலகையில் எண்கள் ஏறின. ஏழு. எட்டு. ஒன்பது. நின்றது. கதவு திறந்தது. மூடியது.

அப்புறம், பெட்டிக்குள் இருக்கும் இருபத்திரண்டாம் பட்டனை யாரோ அழுத்தியதாகப் பலகையில் விளக்கு எரிந்தது. காலிப் பெட்டிக்குள் பட்டனை அழுத்த ஒரு கை வேண்டும்.

பதினான்கு. பதினைந்து. பதினாறு.

அலமாரியில் ஒரு சாவி உண்டு. திருப்பினேன். மோட்டார் நின்றது. பெட்டி பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் தொங்கியது. பெட்டிக்குள் இருப்பவரோடு பேசும் கருவியின் பட்டனை அழுத்தினேன்.

"மாட்டிக்கிட்டியா மாப்பிள்ளை? பாப்பா பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துறியா? நில்லு. அங்கேயே நில்லு. எல்லாரும் வந்து பார்க்கட்டும்."

பதில் இல்லை. வாயடைத்துப் போய்விட்டான் என்று நினைத்தேன். இனித்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ அசைந்தது. இதற்காக அசைந்தது.

கருவியில் மோட்டார் சத்தம் கேட்டது.

மோட்டார் என் முன்னால் நின்றிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். அசைவில்லை. ஆனால் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதே சுருதி, அதே அதிர்வு. நின்றுபோன சத்தத்தை யாரோ தொண்டையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எடை காட்டும் எண்ணைப் பார்த்தேன். பெட்டிக்குள் எவ்வளவு பாரம் என்று அது எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும். நிறுத்துவதற்கு முன் பாரத்தைப் பார் என்பது வேலைக்கு வரும் புதுப் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை.

மெத்தையின் எடையில் பாதி கூட இல்லை. சில தண்ணீர் பாட்டில்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.

வாக்கி டாக்கி அலறியது. "சார்! பாப்பா உள்ள ஏறிடுச்சு சார்! அந்தம்மா ஒன்பதுல நின்னு கத்துறாங்க! பாப்பா தனியா!"

*

சாவியைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நடுவில் நின்ற பெட்டிக்குத் தன் இடம் மறந்துவிடும். முதலில் தரைத்தளம் வரை இறங்கும், அங்கே போய்த்தான் புத்தி வரும். அவளை அவ்வளவு தூரம் கீழே இழுக்க முடியாது. கையால்தான் ஏற்ற வேண்டும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆமை மாதிரி நகரும். விட்டால் நிற்கும்.

ஒரு கையால் அதை அழுத்தினேன். மறு கையால் பேசும் பட்டனை.

"பாப்பா. அப்பா."

சத்தம் நிற்கவில்லை. இன்னும் உயர்ந்தது.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. பயப்படாதே என்றால் அவளுக்குப் பயம் மட்டும்தான் காதில் விழும். முன்பெல்லாம் அவளும் அவள் அம்மாவும் லிஃப்டில் மாடி எண்ணுவார்கள். ஒருத்தி ஒரு எண், மற்றவள் அடுத்தது. நான் அந்த விளையாட்டில் சேர்ந்ததே இல்லை.

"பதினேழு" என்றேன்.

தொண்டைச் சத்தம் அறுந்தது.

"பதினெட்டு."

அது என் மனைவியின் குரல். கடைசி எழுத்தில் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிய அதே குரல். ஒரு வருடமாக என் மகள் யார் யார் குரலிலோ பேசினாள். அம்மாவின் குரலில் மட்டும் பேசியதில்லை.

பட்டனிலிருந்து கை நழுவிவிட்டது. பெட்டி நின்றது. மறுபடி அழுத்தினேன்.

பதினெட்டாவது மாடிக்கு மட்டம் வந்ததும் கன்ட்ரோலை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் ஓடினேன். இப்படி ஏற்றினால் கதவு தானாகத் திறக்காது. வெளியிலிருந்து முக்கோணச் சாவியை நுழைத்துத் திறக்க வேண்டும். என் கைக்கு அந்தச் சாவித் துளை கண்ணை மூடினாலும் தெரியும். இன்று இரண்டு தடவை தவறியது.

கதவை விலக்கினேன். உள்ளே ஓரமாக நின்றிருந்தாள். ஹெட்ஃபோன் காதில். தண்ணீர் பாட்டில்கள் அவள் காலடியில் ஒரே வரிசையில் படுத்து, மூடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.

என்னைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். வெளியே வந்தாள். ஹெட்ஃபோனை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

படிக்கட்டின் கதவை யாரோ உடம்பால் தள்ளித் திறந்தார்கள். மெத்தை. நடந்து வரவில்லை, கையையும் ஊன்றிக்கொண்டு வந்தான். ஒன்பதிலிருந்து ஓடியே ஏறியிருக்கிறான். உதடு வெளுத்திருந்தது. அந்த வேர்வையைப் பாட்டில் தண்ணீரால் செய்ய முடியாது.

அவளைப் பார்த்தான். திறந்த பெட்டியைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்தான்.

"ஏறிட்டியா பாப்பா? நீயாவே ஏறினியா?" சிரித்தான். மூச்சு இல்லாததால் அது அழுகை மாதிரி வந்தது. "மாமா, இவ தானாவே ஏறிட்டா மாமா!"

"என்னடா இதெல்லாம்?"

"மூணு மாசம் மாமா. தினமும் சாயங்காலம் இங்கதான் கூட்டிட்டு வந்தேன். பார்க்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதல் மாசம் கதவைத் தூர நின்னு பார்க்குறது மட்டும். அப்புறம் பட்டனை அமுக்குறது. அப்புறம் ஒரு கால் உள்ள. நான் படி ஏறுனதை விட இவகூட ஒன்பதாவது மாடியில நின்னதுதான் அதிகம். ஷூ கூடத் தேயல, பாருங்க." காலைத் தூக்கிக் காட்டினான். "கடைசி ரவுண்டு நானும் இவளும் லிஃப்டுல வரணும். உச்சியில கதவு திறந்தா நீங்க நிக்கணும். அதான் மேலயே இருங்கன்னேன்."

பெரியம்மா படியேறி வந்து சேர்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பையில தண்ணி எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள கதவு மூடிடுச்சு." நெஞ்சைத் தடவிக்கொண்டார். "காலையிலேர்ந்து உங்க குரல்லயே சொல்லிக்கிட்டிருந்தா தம்பி. அப்பா மேல இருப்பேன், உச்சி மாடி, அப்பா மேல இருப்பேன், உச்சி மாடின்னு. நான்தான் புரிஞ்சுக்கல."



"ஆமா, நடுவுல ஏன் மாமா நின்னுச்சு?" என்றான் மெத்தை.

"கரண்ட்."

"என்ன?"

"கரண்ட் போயிடுச்சு. ஒரு நிமிஷம்."

பெரியம்மா அண்ணாந்து பார்த்தார். தாழ்வார விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் வக்கீல் ஆபீஸ் பழக்கம்தான்.

மெத்தை தலையாட்டினான். அவன் நம்பினான். நான் எது சொன்னாலும் நம்புகிறவன் அவன் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

"போகட்டும் மாமா. புள்ள பத்திரமா வந்துட்டா, அது போதும்" என்று எழுந்தான்.

என் மகள் பாட்டில் வரிசையைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். என் குரல் வந்தது.

"மாட்டிக்கிட்டியா மாப்பிள்ளை? பாப்பா பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துறியா? நில்லு. அங்கேயே நில்லு."

ஒரு சொல் பிசகவில்லை. அதிலிருந்த இனிப்பையும் விட்டுவைக்கவில்லை.

மெத்தை அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"நீங்க என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு மாமா" என்றான்.

ஒரு பாட்டிலை எடுத்துப் பாதி குடித்தான். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான். காலிப் பாட்டிலை வரிசையில் அதே இடத்தில், மூடி அதே பக்கம் பார்க்க வைத்தான்.

"இருபத்தாறுதானே ஆச்சு? இதைச் சேர்க்காதீங்க. பதினெட்டுலயே நின்னுட்டேன். கீழேர்ந்து மறுபடி வரேன்."

"இரு. லிஃப்டைப் போடுறேன்."

"வேண்டாம் மாமா. இனிமே இறக்கமும் படியிலதான்."

"முட்டி போயிடும்டா."

"போனா போகுது. நான் எப்படி ஏறுறேன்னு நீங்க கவலைப்பட வேண்டாம் பாருங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு போனான். ஒவ்வொரு படியாக, கைப்பிடியில் பாரத்தைப் போட்டு இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பெரியம்மா மகளின் பையைத் தோளில் மாட்டினார்.

"பாப்பா இன்னைக்கு என்கூட வரட்டும் தம்பி."

"ஏன்?"

"ஏன்னு நீங்க கேக்குறீங்களா?"

கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நடு வழியில் பிள்ளையைத் தொங்கவிட்டு, கரண்ட் என்று பொய் சொன்ன அப்பன். வக்கீல் ஆபீஸில் இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் தேடிக்கொண்டிருந்ததை நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

பையின் பட்டையை அவர் இறுக்கினார். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

மகள் நகரவில்லை. லிஃப்ட் கதவின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் பெரியம்மாவின் குரலில் பேசினாள். எங்கள் வீட்டில் பேசும் குரல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசும் தணிந்த குரல்.

"அவர் ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும். என்னன்னு படிச்சுப் பார்க்குற நிலைமையிலயா இருக்கார்? அப்புறம் பாப்பா நம்ம பக்கம்தான்."

பட்டையில் இருந்த கை நின்றது.

"என்ன கையெழுத்து அண்ணி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, இறங்கும் பட்டனை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.